அறுந்து போகும்படி முடிச்சுப் போடுவது எப்படி?

காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. நீங்களும் ராடு வாங்கிவிட்டீர்கள். வாழ்த்துகள்!

தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சின்னப் பையன்கள் வேலை. ஈயத்தைக் கட்டி அடியில் இறக்கி, கெளுத்தியும் வாளையும் மேயும் தரையிலேயே இரையைக் கிடத்துவதுதான் உங்கள் வயதுக்கு அழகு. இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. நடப்பதெல்லாம் தண்ணீருக்கு அடியில். தப்பு எங்கே நடந்தது என்று எவராலும் நிரூபிக்க முடியாது. நம் பயிற்சி முறை முழுக்க இந்தச் சௌகரியத்தின் மேல்தான் நிற்கிறது.

கீழே சொல்வதை வரிசை மாறாமல் செய்யுங்கள். பெரும்பாலானதை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். இனி முறைப்படி செய்யலாம்.

1. கோடையில் ஆற்றுப்பக்கம் போகாதீர்கள்.

வழக்கமான கணக்குப்படி மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறப்பார்கள். இடைப்பட்ட மாதங்களில் முக்கொம்பிலிருந்து கல்லணை வரைக்கும் காவிரியில் பெரும்பாலும் மணல்தான். எங்கே பள்ளம், எங்கே மணல் அள்ளிய குழி, எங்கே பழைய கருங்கல் பாதி புதைந்து நிற்கிறது, எந்த மேட்டின் சரிவில் நாளைக்குக் கெளுத்தி ஒதுங்கும் என்பதெல்லாம் வெட்டவெளிச்சமாகத் தெரியும். வெளிநாட்டில் ஆற்றின் அடியைத் தெரிந்துகொள்ள சோனார் கருவிக்குக் காசு கொட்டுகிறார்கள். நமக்கு வருடத்தில் நாலு மாதம் இலவசமாகத் திறந்தே காட்டுகிறார்கள். அடியில் தூண்டில் போடுகிறவனுக்கு இதற்கு மேல் ஒரு வரம் கிடையாது. ஆகவே அந்த நாலு மாதமும் வீட்டில் ஃபேனுக்கு அடியில் படுத்திருங்கள்.

சித்திரை மாத சாயங்காலம் யாராவது மணலுக்குக் காற்று வாங்க இழுத்துப் போனால், மலைக்கோட்டையைப் பாருங்கள். தரையைப் பார்க்காதீர்கள். அங்கே கிடக்கிற ஈயக்குண்டுகளில் சில உங்களுடையவை. எங்கே மாட்டிக்கொண்டது, ஏன் மாட்டிக்கொண்டது என்று பக்கத்திலேயே விளக்கமும் இருக்கும். தெரிந்துகொண்டால் சங்கடம்.

2. நரம்பை வெயிலில் காயப்போடுங்கள்.

தங்கூஸ் நரம்புக்கு வெயில் ஆகாது. மாதக்கணக்கில் பட்டால் வலு குறைந்துபோகும். அக்னி நட்சத்திரத்தில் திருச்சி 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகிற ஊர். எனவே ரீலை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் வையுங்கள். இடமில்லை என்றால் காரின் பின்கண்ணாடி ஓரம். போன வருட நரம்பையே இந்த வருடமும் ஓட்டுங்கள். கல்லில் உரசிச் சொரசொரப்பான கடைசி ஒரு மீட்டரை விரலால் தடவிப் பார்த்து வெட்டிப்போடச் சொல்கிறவர்கள் இருப்பார்கள். நரம்பு விற்கிற விலைக்கு ஒரு மீட்டரை எறிவதாவது!

3. முள் வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

பெரிய எண் என்றால் பெரிய முள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் 10-ஆம் நம்பர் முள் 1-ஆம் நம்பரைவிடச் சின்னது. 1-ஐத் தாண்டியதும் 1/0, 2/0 என்று கணக்கு திரும்பி, எண் ஏற ஏற முள்ளும் பெரிதாகும். இந்தக் குழப்பம் உங்களுக்குச் சாதகம். வாளைக்குப் போகும்போது 12 வாங்குங்கள், ஜிலேபிக்குப் போகும்போது 4/0 வாங்குங்கள். கடைக்காரர் "என்ன மீனுக்கு சார்?" என்று கேட்டால் "எல்லாத்துக்கும்" என்று சொல்லிவிடுங்கள். அவரும் அதற்கு மேல் வற்புறுத்த மாட்டார்.

4. இப்போது முடிச்சு. உட்காருங்கள், இது கொஞ்சம் நீளம்.

உங்களுக்குத் தெரிந்த முடிச்சு ஒன்றுதான்: பள்ளிக்கூடத்தில் பொட்டலம் கட்டியது. அதுவே போதும். நரம்பை முள்ளின் காதில் நுழைத்து ஒரு வெறும் முடிச்சுப் போடுங்கள். வெறும் முடிச்சு விழுந்த இடத்தில் நைலான் நரம்பின் வலு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். பத்துக் கிலோ தாங்கும் என்று அட்டையில் அச்சடித்த நரம்பை ஒரே நொடியில் ஐந்து கிலோ நரம்பாக்கிவிட்டீர்கள். இதற்குத் தனியாக எந்தக் கருவியும் வேண்டாம்.

பயமாக இருக்கிறதா? அதன் மேல் இன்னொரு முடிச்சு போடுங்கள். அதன் மேல் இன்னொன்று. முள்ளின் தலையில் மிளகு அளவுக்கு உருண்டை திரளும்வரை விடாதீர்கள். அறுப்பது முதல் முடிச்சு. மேலே இருப்பதெல்லாம் அலங்காரம். ஆனால் பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை வரும்.

ஒழுங்கான வழியையும் சொல்லிவிடுகிறேன், தெரியாத்தனமாகக் கூடக் கை அந்தப் பக்கம் போய்விடக்கூடாது என்பதற்காக. கிளிஞ்ச் என்று ஒன்று உண்டு. நரம்பைக் காதில் நுழைத்து, நுனியைத் தாய்நரம்பின் மேல் ஐந்தாறு சுற்றுச் சுற்றி, காதை ஒட்டியிருக்கும் சின்னக் கண்ணியில் நுழைத்து, அதனால் உண்டாகும் பெரிய கண்ணியிலும் ஒருமுறை நுழைத்து, எச்சில் தொட்டு, நிதானமாக இழுத்து இறுக்க வேண்டும். மெல்லிய நரம்பு என்றால் ஒரு சுற்று கூட, தடித்த நரம்பு என்றால் சுற்றைக் குறைக்கலாம். பலோமார் இதைவிட எளிது. நரம்பை மடித்து இரட்டையாகக் காதில் விட்டு, ஒரு சாதாரண முடிச்சு போட்டு, மடிப்புக் கண்ணிக்குள் முள்ளையே நுழைத்து இழுத்தால் முடிந்தது. இருட்டிலும் கட்டலாம். நரம்பின் வலுவில் பெரும்பகுதி அப்படியே நிற்கும். இரண்டையும் அரைமணி நேரத்தில் பழகிவிடலாம் என்பதுதான் இவற்றில் உள்ள ஆபத்து.

முக்கியமாக, எச்சில் தொடாதீர்கள். உலர்ந்த நைலானைச் சட்டென்று இழுத்தால் உரசலில் சூடேறி, முடிச்சுக்குள்ளேயே நரம்பு வெந்துவிடும். வெளியே தெரியாது. ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில் பூக்கட்டுகிற அம்மாவைப் பாருங்கள்: வாழைநாரை நனைத்துக்கொண்டுதான் உட்காருகிறார். அவர் அப்படித்தான். உங்களுக்குப் பொறுமை கிடையாது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஒரே இழுப்பாக இழுங்கள். க்ரீச் என்று ஒரு சத்தம் கேட்டால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

5. நுனியை பீடியால் சுட்டுவிடுங்கள்.

நறுக்கிய நுனியில் மூன்று மில்லிமீட்டர் விட்டுவைக்க வேண்டும். இறுகும்போது முடிச்சு கொஞ்சம் விழுங்கும். நீங்கள் ஒட்ட நறுக்குங்கள், பல்லால். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் பீடியை வாங்கி அந்த இடத்தைத் தொட்டுச் சுடுங்கள். நுனி உருண்டு அழகாக நிற்கும். அதன் அடியில் இருக்கிற முதல் சுற்றும் சேர்ந்து உருகியிருக்கும்.

பின்னல் நரம்பு வாங்கிய வசதி படைத்தவர்களுக்கு ஒரு குறுக்குவழி: நைலானுக்குப் போட்ட அதே முடிச்சை, அதே ஐந்து சுற்றோடு போட்டுவிடுங்கள். பின்னல் நரம்பு வழுக்கும். மீன் இழுக்கும்போது முடிச்சு அறுபடாமல் அப்படியே உருவிக்கொண்டு வந்துவிடும், நரம்பும் மிச்சம். முள் மட்டும்தான் செலவு.

6. ஈயத்துக்குப் பதிலாக நட்டு.

திருச்சிக்காரருக்கு நட்டுக்குப் பஞ்சமா? ஒரு பக்கம் பொன்மலை ரயில்வே பணிமனை, இன்னொரு பக்கம் திருவெறும்பூர் பெல், அதைச் சுற்றித் துவாக்குடி வரைக்கும் பட்டறைகள். எந்த வீட்டுப் பரணைக் குடைந்தாலும் ஒரு டப்பா நட்டும் போல்ட்டும் இருக்கும். அதில் ஒன்றை எடுத்து ஓட்டையில் நரம்பை விட்டுக் கட்டுங்கள். நட்டின் உள்ளே இருக்கிற மரை ஒரு ரம்பம். ஒவ்வொரு வீச்சுக்கும் நரம்பை இரண்டு இழுப்பு அறுத்துவைக்கும்.

நட்டு கிடைக்காவிட்டால் ஓட்டை போட்ட ஈயமே வாங்குங்கள், ஆனால் ஓடவிடாதீர்கள். ஓடும் ஈயத்தின் சூட்சுமம் இது: தாய்நரம்பில் ஈயம், அதன் கீழே ஒரு மணி, பிறகு சுவிவல், சுவிவலுக்குக் கீழே ஒன்றரை அடி நரம்பு, அதன் முனையில் முள். மீன் இரையைக் கவ்விக்கொண்டு நகரும்போது நரம்பு ஈயத்தின் ஓட்டை வழியாக நழுவும். பாரம் அதன் வாய்க்குத் தெரியாது. சந்தேகம் வராத மீன் இரையை விழுங்கிவிடும். இந்த அநியாயத்தைத் தடுக்க, ஈயத்தைக் கடைவாய்ப் பல்லால் நறுக்கென்று கடித்து நரம்போடு நசுக்கிவிடுங்கள். மீனுக்கு உடனே பாரம் தெரியும், துப்பிவிடும். ஈயம் விஷம் என்று சொல்வார்கள். பான் பராக் போட்ட வாய்க்கு இதெல்லாம் எம்மாத்திரம்!

7. ஈயத்தை மட்டும் கயிற்றால் கட்டுங்கள்.

அடியில் கல்லிடுக்கில் முதலில் சிக்குவது ஈயம்தான். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஈயத்தைத் தனியாக ஒரு துண்டு மெல்லிய நரம்பில் தொங்கவிடுவார்கள். சிக்கினால் அந்தத் துண்டு மட்டும் அறும். முள்ளும் சுவிவலும் அதில் மாட்டியிருக்கிற மீனும் கைக்கு வரும். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். ஈயத்துக்கு உங்களிடம் உள்ளதிலேயே தடித்த நரம்பு, முள்ளுக்கு மெல்லியது. சிக்கியதும் மொத்தமும் போக வேண்டும். அரைகுறையாக இழப்பதில் என்ன திருப்தி இருக்கிறது?

8. ஸ்பிரிங் தூண்டில்காரர்களுக்கு.

ரோகுவுக்கும் கட்லாவுக்கும் ஸ்பிரிங்கில் மாவை அப்பி, சுற்றிலும் நாலைந்து முள்ளைத் தொங்கவிட்டு அடியில் போடுகிறார்கள். மாவு மெதுவாகக் கரைய வேண்டும். மீன் அதை உறிஞ்சும்போது முள்ளும் கூடப் போகும். இதில் கெடுப்பதற்கு இரண்டு இடம். கடலைப் புண்ணாக்கைக் குறைத்து மைதாவைக் கூட்டிப் பிசைந்தால் மாவு கரையவே கரையாது, மறுநாள் காலையிலும் அப்படியே இருக்கும். தண்ணீரைக் கூட்டிப் பிசைந்தால் வீசும்போதே பாதி வழியில் கழன்று, பக்கத்தில் தூண்டில் போட்டவர் சட்டையில் விழும். இரண்டில் எது என்பது அவரோடு உங்களுக்குள்ள உறவைப் பொறுத்தது.

முள் தொங்கும் கிளைநரம்புகளை ஒரே அளவில், நல்ல நீளத்தில் கட்டுங்கள். ஒன்றையொன்று எட்டிப்பிடிக்க வேண்டும். காற்றில் பறக்கும்போதே தங்களுக்குள் ஒரு முடிச்சு போட்டுக்கொள்ளும். நீங்கள் போட்டதிலேயே உறுதியான முடிச்சு அதுவாகத்தான் இருக்கும்.

9. இடம்.

அம்மா மண்டபம் படித்துறையைத் தேர்ந்தெடுங்கள். பித்ரு காரியம் முடித்து முழுக்குப் போட்டவர்கள் விட்டுப்போன வேட்டியும் புடவையும் ஆற்றின் அடியில் கிடக்கும். துணியில் மாட்டிய முள் ஒரு தினுசாக இழுக்கும்: கனமாக, மெதுவாக, விட்டு விட்டு. வாளை இழுக்கிற மாதிரியே இருக்கும். கூட்டம் கூடும். "விடாதீங்கண்ணே, விடாதீங்க!" என்பார்கள். நீங்களும் டிராக்கை இன்னும் இரண்டு திருகு திருகி இறுக்கிவிட்டு, கழியை வளைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றுங்கள். கரைக்கு வருவது எட்டு முழம் என்றாலும், முழங்கால் தண்ணீருக்கு வரும்வரை அது மீன்தான். அதற்கு முன்னாடியே முடிச்சு விட்டுவிட்டால் கடைசிவரைக்கும் மீன்தான். நாலாம் பாடத்தின் அருமை இப்போது புரிகிறதா?

குளிக்கிறவர்கள் இறங்குகிற படியாகப் பார்த்து நில்லுங்கள். சிக்கலாகிப்போன நரம்பைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போவது கௌரவக் குறைச்சல். படியிலேயே விடுங்கள், முள்ளோடு. நைலான் இந்தத் தலைமுறையில் மட்காது. இன்று கொக்கின் காலில் சுற்றிக்கொண்டது நாளைக்கு ஒரு பாட்டியின் பாதத்தில் ஏறும். ஆற்றில் இறங்க பயந்து அவர் படியிலேயே சொம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டு போவார். இடம் காலியாகும். நீங்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கலாம்.

ஆடிப்பெருக்கு அன்று வந்தால் இன்னும் நல்லது. தாலிக்கயிறு மாற்ற வருகிற பெண்கள், காதோலை கருகமணி, முளைப்பாரி, தேங்காய் மூடி, அத்தனைக்கும் நடுவில் ஒரு நட்டைச் சுழற்றி வீசுவதற்குத் தனித் தைரியம் வேண்டும். போலீஸ்காரர் நிச்சயம் ஏதாவது சொல்வார். "வருஷா வருஷம் இங்கேதான் சார் போடுவேன்" என்று சொல்லுங்கள்.

10. சிக்கினால் என்ன செய்வது?

இழுங்கள். நரம்பைத் தளர்த்திவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்தால் ஓட்டமே சில சமயம் விடுவித்துவிடும். பத்தடி மேற்கே நடந்து எதிர்ப்பக்கமிருந்து இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். இரண்டும் செய்யாதீர்கள். நரம்பை வெறுங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நேர் எதிரே நின்று இழுங்கள். நரம்பு உள்ளங்கையை அறுக்கும். ஈயம் விடுபட்டால், நீட்டி விடப்பட்ட நைலான் அதை நேராக உங்கள் நெற்றிக்கே திருப்பி அனுப்பும். நட்டு என்றால் தழும்பு ஆறு பக்கத்தோடு விழும்.

11. காரணத்தை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்.

முடிச்சு விட்டது என்று ஒருபோதும் ஒத்துக்கொள்ளக்கூடாது. நம் ஊர் ஆற்றுக்கு வரலாறு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடத்தில் 1928-இல் கட்டிய பழைய பாலத்தின் தூண்கள் சரிந்தன. சில நாளில், 22-ஆம் தேதி ராத்திரி, ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டிய முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்துப் பக்கம் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. "வெள்ளைக்காரன் கட்டினதே நிக்கலை, என் முடிச்சு நிக்குமா?" என்று கேளுங்கள். எதிரே இருப்பவர் வாயடைத்துப் போவார். அந்த மதகுகள் தாங்கியது விநாடிக்கு ஆயிரக்கணக்கான கனஅடித் தண்ணீரை, உங்கள் முடிச்சு தாங்க வேண்டியிருந்தது அரைக்கிலோ கெளுத்தியை என்று கணக்குப் பார்க்கிறவர் யாராவது வந்தால், பேச்சைக் கரிகாலனுக்குத் திருப்புங்கள். கல்லணை வரைக்கும் போய்விட்டால் அப்புறம் யாரும் முடிச்சுக்குத் திரும்ப மாட்டார்கள்.

வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று இருந்தால், உறையூர் காசிவிளங்கி மீன் மார்க்கெட் வழியிலேயே இருக்கிறது. கெளுத்தியோ விராலோ பார்த்து வாங்குங்கள். சங்கரா வாங்கிக்கொண்டு போய் "முக்கொம்புல பிடிச்சேன்" என்றவர்கள் உண்டு. அது கடல் மீன். உங்கள் மாமியாருக்குத் தெரியும்.

12. பக்கத்துப் பையனைத் திருத்துங்கள்.

நீங்கள் எங்கே நின்றாலும் கொஞ்சம் தள்ளி ஒரு பையன் இருப்பான். கையில் மூங்கில் கழி, ரீல் கிடையாது, மயிலிறகுக் காம்பில் செய்த தக்கை, டப்பாவில் மண்புழு. பத்து நிமிஷத்துக்கு ஒரு ஜிலேபி எடுத்துக்கொண்டிருப்பான். அவன் முள்ளைப் பாருங்கள். காது இல்லாத தட்டைத்தலை முள்ளாக இருக்கும், விலை மலிவு. நரம்பை முள்ளின் தண்டோடு சேர்த்துப் படுக்கவைத்து, அதன் மேலேயே ஏழெட்டுச் சுற்று நெருக்கமாகச் சுற்றி இழுத்திருப்பான். இழுக்க இழுக்கச் சுற்று இறுகுமே தவிர நழுவாது, தட்டைத்தலை தடுத்துவிடும். இதற்கு ஸ்னெல் என்று பெயர் வைத்து வீடியோ போடுகிறார்கள். அவனுக்குப் பெயரெல்லாம் தெரியாது, தாத்தா கட்டியதைப் பார்த்துக் கட்டுகிறான்.

"தம்பி, இப்படியாடா கட்டுறது?" என்று ஆரம்பியுங்கள். மரியாதைக்காக நீட்டுவான். வாங்கி, அவிழ்த்து, உங்கள் உருண்டை முடிச்சைப் போட்டுக் கொடுங்கள். அடுத்த மீன் தண்ணீருக்கு மேலே வந்ததும் விழுந்துவிடும். "பெருசுடா, அதான் தாங்கலை" என்று அவன் தோளைத் தட்டுங்கள். இந்தக் கலை அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

13. முள் உங்கள் கையிலேயே ஏறினால்.

ஏறும். கட்டும்போது ஏறும், அல்லது துணியிலிருந்து கழற்றும்போது ஏறும். கட்டைவிரல் சதையில் எதிர்முள் வரைக்கும் உள்ளே போயிருக்கும். உடனே வந்த வழியாகவே பிடுங்கப் பாருங்கள். எதிர்முள் எதற்காக வைத்திருக்கிறார்கள் என்பது முதல் இழுப்பிலேயே விளங்கிவிடும். பிறகு நரம்பையாவது அறுத்துவிடலாம் என்று இழுப்பீர்கள். ஒரு பருவம் முழுக்க எந்த மீனுக்கும் நிற்காத முடிச்சு இப்போது நிற்கும். பல்லால் கடித்தாலும் விடாது. கத்தரிக்கோலை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பீர்கள்.

ராடை அந்தக் கையிலேயே பிடித்துக்கொண்டு, மச்சான் பைக்கில் பின்னால் உட்கார்ந்து புத்தூர் ஜி.எச். போங்கள். காவிரிப் பாலத்தில் கழியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். பக்கத்தில் பஸ் வரும். தடுப்பூசி போட வரும் நர்ஸம்மா "என்ன மீனுங்க, எவ்வளவு பெருசு?" என்று கேட்பார். வாயால் சொல்லுங்கள். வழக்கம்போல இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிடாதீர்கள், நரம்பு இன்னும் அறவில்லை.